இரண்டு கால் ஸ்டூலுக்குப் பச்சை டிக்

இல்லப் பொருள் விற்பனைக் கழகத்துக்கு ஒரு நாள் காலையில் திடீரென்று ஞானம் வந்தது. இனிமேல் கடை வேண்டாம், இணையம் போதும். மக்கள் பொருளைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், படத்தைப் பார்த்தால் போதும். சுற்றறிக்கையின் கடைசி வரி இது: "ஆகவே, ஒப்புதல் பெற்ற படம் இல்லாத பொருள், கழகத்தைப் பொறுத்தவரை இல்லாத பொருளாகவே கருதப்படும்." கிடங்கில் கூரை முட்ட அடுக்கியிருந்த வாளிகளும் துடைப்பங்களும் அன்று மதியம் முதல் இல்லாமல் போயின. கிடங்கு எழுத்தர் மட்டும் அவற்றில் முட்டி மோதிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

இல்லாத பொருளுக்கு எழுத்தர் எதற்கு? அவரைப் படக் களஞ்சியத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். களஞ்சியம் என்றதும் மாடமாளிகையைக் கற்பனை செய்ய வேண்டாம். பொருள்களின் படங்களை ஏற்றி வைக்கும் இணையப் பக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். அதை நடத்த ஒரு மேசை, ஒரு கேமரா, சுவரில் ஒரு வெள்ளைத் துணி. அறை முன்பு கை கழுவும் இடமாக இருந்தது. குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அடைப்பது வேறு பிரிவின் அதிகாரம்.

ஏற்றிய படத்துக்குப் பச்சை டிக் போடவும் சிவப்புப் பெருக்கல் குறி போடவும் பட ஒப்புதல் அலுவலர் என்று ஒருவர் மேல்மாடியில் இருந்தார். பெருக்கல் போட்டால் மறுபடி எடுக்கலாம். டிக் போட்டுவிட்டால் அவ்வளவுதான், அவராலும் அழிக்க முடியாது. அழிக்கும் வசதிக்குத் தனி விலை கேட்டார்களாம். தவறே செய்யாத நிறுவனத்துக்கு அழிப்பான் எதற்கு என்று நிர்வாகம் மறுத்துவிட்டது.

எழுத்தருக்கு வாளியைப் பற்றியோ துடைப்பத்தைப் பற்றியோ கவலையில்லை. அவர் கவலையெல்லாம் ஸ்டூல். கழகத்துக்கு மர ஸ்டூல் செய்து கொடுப்பது அவர் மனைவியின் தம்பி. ஊர் ஓரத்தில் சின்னப் பட்டறை. கழகம் வாங்கினால்தான் அங்கே ரம்பம் ஓடும். மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ஏங்க, அவன் பட்டறைய மூடினா பெண்டாட்டி பிள்ளைங்களோட நேரா இங்கதான் வருவான். நமக்கு இருக்கறது ஒரே ஒரு படுக்கையறை. அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

எழுத்தர் ஸ்டூலைத் துடைத்து, லேசாகத் திருப்பி வைத்து, நான்கு காலும் தெரிகிற மாதிரி பார்த்துப் பார்த்துப் படம் எடுத்தார். அவர் கண்ணுக்கே அழகாகத் தெரிந்தது. ஏற்றிய கையோடு சிவப்புப் பெருக்கல் வந்து விழுந்தது. மாடிக்கு ஓடினார்.

"ஸ்டூல் ஏன்யா கோணிக்கிட்டு நிக்குது?" என்றார் அலுவலர்.

"நாலு காலும் தெரியணும்னு வச்சேன் சார்."

"கேமரா பொருளுக்கு நேர் எதிரே, பொருளின் மட்டத்தில் இருக்கணும். விதி நாலு. நாலு கால் தெரியணும்னு எந்த விதியில இருக்கு?"

"அப்படி எதுவும் இல்ல சார். விதி எல்லாப் பொருளுக்கும் பொதுவானது. சோப்பு டப்பாவுக்கும் இதேதான்."

"சோப்பு டப்பா கோணிக்கிட்டு நின்னுச்சா?"

"இல்ல சார்."

"சோப்பு டப்பாவுக்கு இருக்கிற ஒழுங்கு கூட உங்க ஸ்டூலுக்கு இல்லையே."

எழுத்தர் கீழே வந்து ஸ்டூலை நேராக நிறுத்தினார். கேமராவை அதன் மட்டத்துக்கு இறக்கினார். முன்னங்கால் இரண்டும் பின்னங்கால் இரண்டையும் கச்சிதமாக மறைத்துக்கொண்டன. படத்தில் ஒரு பலகை, இரண்டு கால். 'ப' எழுத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி. ஏதோ உறுத்தியது. ஆனால் உறுத்தலைப் பதிவேற்ற அந்தப் பக்கத்தில் இடம் இல்லை. அழுத்தினார். பச்சை டிக் விழுந்தது. அன்று வீட்டில் அவருக்கு மரியாதை கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது.

கொள்முதல் ஆணை வந்தது. மைத்துனன் ஒரு வண்டி நிறைய ஸ்டூல் ஏற்றிக்கொண்டு கழக வாசலில் வந்து இறங்கினான். தர ஆய்வாளர் கையில் களஞ்சியப் படத்தை வைத்துக்கொண்டு ஸ்டூலைச் சுற்றி வந்தார். குனிந்தார். எண்ணினார். நிமிர்ந்தார்.

"படத்துல ரெண்டு கால்தான் இருக்கு. இதுல நாலு இருக்கே."

மைத்துனன் சிரித்தான். ஆய்வாளர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். "சார், பின்னாடி ரெண்டு கால் மறைஞ்சிருக்கு."

"மறைச்சீங்களா?"

"நான் மறைக்கல சார். அது தானா மறைஞ்சிருக்கு."

"வாடிக்கையாளர் ரெண்டு கால் பார்த்து ஆர்டர் கொடுக்கறார். நீங்க சொல்லாம கொள்ளாம நாலு காலை நீட்டுனா அது மோசடி." பின் நிராகரிப்புச் சீட்டில் எழுதினார்: 'ஒப்புதல் படத்தில் காணப்படாத உறுப்புகள் இரண்டு, பொருளில் காணப்பட்டன.'

மைத்துனன் நேராகக் கை கழுவும் அறைக்கு வந்தான்.

"என்ன அத்தான் பண்ணி வச்சிருக்கீங்க? கடன் வாங்கி மரம் எடுத்திருக்கேன். பட்டறையில ஆளுங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"இரு மாப்ளே, மேல போய்ப் பேசிட்டு வரேன்" என்றார் எழுத்தர். இருவரும் போனார்கள்.

அலுவலர் படத்தைப் பார்த்தார். தன் பச்சை டிக்கைப் பார்த்தார். அது தவறு என்றால் தான் தவறு. தான் தவறு என்றால் கழகம் தவறு. இவ்வளவு பெரிய தவறை ஒரு ஸ்டூலுக்காக ஒப்புக்கொள்ள முடியுமா?

"படம் சரி. பொருளைத்தான் திருத்தணும்."

"ரெண்டு காலுல ஸ்டூல் எப்படி சார் நிக்கும்?" என்றான் மைத்துனன்.

"ஸ்டூல் எதுக்கு நிக்கணும்? உட்காரத்தானே ஸ்டூல்? உட்காரப் போறவருக்குக் கால் இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"எத்தனை?"

"ரெண்டு."

"கழகம் ரெண்டு கொடுக்குது. வாங்கறவர் ரெண்டு கொண்டு வரார். மொத்தம் எத்தனை?"

மைத்துனன் எழுத்தரைப் பார்த்தான். எழுத்தர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அன்று மாலை பட்டறையில் ரம்பம் ஓடியது. நல்ல மரத்தில் இழைத்த கால்களை இரண்டிரண்டாக அறுத்துப் போட்டார்கள். மைத்துனன் வாய்க்கு வந்தபடி கழகத்தைத் திட்டினான், அத்தானையும் விடவில்லை. எழுத்தர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஆனால் தரையில் குவிந்த கால்களைப் பார்த்த மைத்துனனுக்குத் திட்டு பாதியில் நின்றது. ஒரு ஸ்டூலுக்கான கால் மரம் இனி இரண்டு ஸ்டூலுக்கு வரும்; விலை அதேதான். அதன் பிறகு அவன் கழகத்தைப் பற்றி மரியாதையாகவே பேசினான்.

முதலில் வாங்கியவர்கள் விழுந்தார்கள். விழுந்தவர்கள் புகார் எழுதினார்கள். எல்லாப் புகாருக்கும் ஒரே பதில் போயிற்று: "பொருள் படத்தில் உள்ளபடியே அனுப்பப்பட்டுள்ளது." அவர்களும் படத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஆமாம், இரண்டு கால்தான். பார்த்துத்தானே வாங்கினோம் என்று இடுப்பைத் தடவிக்கொண்டு அடங்கிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் உடற்பயிற்சி ஆசான் ஒருவர் அதன் மேல் அமர்ந்து காணொளி போட்டார். "சும்மா உட்காருறதுதான் இன்னைக்கு இருக்கிற பெரிய வியாதி. இது உங்களை உட்கார விடாது. அதுதான் இதோட சிறப்பு." அவ்வளவுதான், தீ மாதிரி பரவிற்று. கழகம் உடனே அதற்கு 'விழிப்பிருக்கை' என்று பெயர் சூட்டியது. வரவேற்பறையில் விழிப்பிருக்கை இல்லாத வீடு படிக்காத வீடு என்று ஆயிற்று. விருந்தினர் வந்தால் முதுகை நிமிர்த்தி, பல்லைக் கடித்து, தொடை நடுங்க அமர்ந்து, "ரொம்ப இதமா இருக்கு" என்றார்கள். வீட்டுக்காரர்களும் எதிரே நடுங்கிக்கொண்டே, "பழகிட்டா வேற எதுலயும் உட்கார முடியாது" என்றார்கள். அது உண்மைதான், முட்டி போனவர்களால் எதிலும் உட்கார முடிவதில்லை.

அலுவலருக்குக் கழகம் விருது கொடுத்தது. விழா மண்டபத்தில் எல்லோருக்கும் விழிப்பிருக்கை. தலைமை உரை நீண்டது. உரை முடிந்ததும் கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. எழ ஒரு சாக்குக் கிடைத்தவர்கள் அவ்வளவு லேசில் விடவில்லை. தலைமை தாங்கியவர் நெகிழ்ந்துபோனார்.

அந்த வாரக் கடைசியில் எழுத்தர் வீட்டுக்கு மைத்துனன் வந்தான். புதுச் சட்டை, புது வண்டி, வண்டியில் ஒரு விழிப்பிருக்கை. எழுத்தர் அலுவலகத்திலிருந்து வந்ததும் சாய்ந்துகொள்ள ஜன்னலோரம் ஒரு பழைய நாற்காலி இருந்தது. நான்கு காலும் கெட்டியாக உள்ள நாற்காலி. மைத்துனன் அதைத் தூக்கி வாசலில் வைத்தான்.

"இதப் போய் இன்னும் வச்சிருக்கீங்களே அத்தான். நாலு பேர் வந்து போற வீடு."

"ஏங்க, தம்பி ஆசையா கொண்டு வந்திருக்கான். உட்காருங்க" என்றாள் மனைவி. பக்கத்து வீட்டு அக்காவும் கைபேசியில் படம் எடுக்கத் தயாராக வந்து நின்றாள்.

எழுத்தர் உட்கார்ந்தார். அதாவது, உட்கார்ந்த மாதிரி நின்றார். தொடை முதலில் இறுகியது, பிறகு நடுங்கியது. உண்மையைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எதிரே மைத்துனன் முகத்தில் பட்டறை தெரிந்தது. அவனுக்குப் பின்னால், காலியாக இருந்த தன் ஒரே படுக்கையறையும் தெரிந்தது.

"எப்படி இருக்குங்க?" என்றாள் மனைவி.

"படத்துல இருக்கறபடியே இருக்கு" என்றார் எழுத்தர்.

பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டில் ஏற்கனவே ஒன்று இருந்தது. அவள் சுவரில் சாய்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே மைத்துனனிடம் கேட்டாள்: "தம்பி, எனக்கு இன்னும் ஒண்ணு அனுப்பு. சம்பந்தி வீட்டுக்குப் பரிசா கொடுக்கணும்."