ஆயிரத்து ஐந்நூறு வாட் முதற்பலன்

பதினோரு வருஷம் பெண்டாட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஆபீஸுக்குப் போனவன் நான். இந்தச் சாதனையைச் செய்தவர் வேறு யாராவது இருந்தால் முன்னால் வரட்டும். வர மாட்டார்கள். அவர்களும் பின்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு லைசென்ஸ் கிடையாது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போடச் சொன்னார்கள். மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை ஆறு வந்தது. இரண்டாம் தடவை பூஜ்யம். மூன்றாம் தடவை வண்டி இன்ஸ்பெக்டரின் கால் மேல் வந்தது. என் மனைவி பெர்சிஸ் ஒரே தடவையில் எட்டுப் போட்டு, லைசென்ஸை வாங்கி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். அவள் டவுணில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். என் ஆபீஸ் அவள் போகிற வழியில், கொக்கிரகுளத்தில். ஆகவே தினமும் சமாதானபுரத்தில் அவள் ஸ்கூட்டரில் ஏறுவேன், கொக்கிரகுளத்தில் இறங்குவேன். இறங்கியதும் அவள், "டப்பா எடுத்தாச்சா?" என்பாள். வாசலில் டீ குடிக்கிற அத்தனை பேரும் எனக்குப் பதிலாக, "எடுத்தாச்சு டீச்சர்" என்பார்கள். ஜாபேஸ் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆபீஸில் அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

போன ஜனவரியில் எனக்கு நாற்பத்தெட்டு வயது முடிந்தது. அன்றைக்கு ஒரு தீர்மானம் எடுத்தேன். இனிமேல் எந்த முதுகுக்குப் பின்னாலும் உட்காருவதில்லை.

இருநூற்றைம்பது வாட் மின்சார சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று படித்திருந்தேன். ஆனால் இருநூற்றைம்பது வாட் என் தொப்பையை மட்டும்தான் இழுக்கும். மற்ற உடம்புக்கு என்ன செய்வது? ஆயிரத்து ஐந்நூறு வாட் மோட்டாராக வரவழைத்தேன். அதன் மேலிருந்த எண்ணைச் சுரண்டிவிட்டு, '250' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். எங்கள் சர்ச்சை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியின் செக்ரட்டரி நான். பொய்யைக்கூட நீட்டாகத்தான் ஒட்டுவேன்.

எங்கள் மகள் ரீபா பெங்களூருக்குப் போகும்போது விட்டுப்போன லேடீஸ் சைக்கிள்தான் அஸ்திவாரம். பின்சக்கரத்தைக் கழற்றி மோட்டார் வைத்த சக்கரத்தை மாட்டினேன். மேலப்பாளையத்தில் பேட்டரி கட்டுகிற சல்மான் ஃபாரிஸ் நாற்பத்தெட்டு வோல்ட்டில் ஒன்று கட்டிக் கொடுத்தார். மோட்டாரை ஆட்டிவைக்கிற கன்ட்ரோலர் நனையாமல் இருக்க ஒரு பெட்டி வேண்டும். பெர்சிஸின் எவர்சில்வர் டிபன் டப்பா கச்சிதமாகப் பொருந்தியது. அவள் அன்றைக்குச் சோற்றை வாழை இலையில் கட்டிக்கொண்டு போனாள்.

சாயங்காலங்களில் அவளுக்குப் பாடம் நடத்தினேன். வோல்ட் என்றால் தண்ணீர்த் தொட்டியின் உயரம், ஆம்பியர் என்றால் குழாயின் அகலம், இரண்டையும் பெருக்கினால் வாட், இந்த இரண்டு வெள்ளை வயரையும் சேர்த்தால் வேகம் இருபத்தைந்தோடு கட்டுப்பட்டுவிடும், அதனால்தான் பிரித்து வைத்திருக்கிறேன் என்றெல்லாம் விளக்கினேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே, "அப்படியா?" என்பாள். திருத்தியது மின்னியல் பாடத்தின் விடைத்தாள். அவள் பிசிக்ஸ் டீச்சர் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பதினோரு வருஷமாக அவளை முதுகாகவே பார்த்த பழக்கம்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் எங்கன உக்கார?"

"ஒனக்குத்தான் ஸ்கூட்டர் இருக்கே."

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குச் சேந்து போவலாம்லா. கேரியர்ல ஒரு குஷனாவது வைங்க."

"அது சாமான் வைக்கத கேரியர். குஷன் வச்சா வெயிட்டு, பேட்டரி சீக்கிரம் தீந்துரும்."

அவள் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மறுபடி திறந்து யாருக்கோ பூஜ்யம் போட்டாள். பதினோரு வருஷம் என்னைச் சுமந்தவளுக்கு ஒரு சாண் பஞ்சு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது அது நன்றாக உறைக்கிறது. அப்போது உறைக்கவில்லை.

ஏப்ரலில் வண்டி ஓடியது. ஓடியதா? பறந்தது. கொக்கிரகுளத்தில் நிற்க மனமில்லாமல் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் வரை போய்த் திரும்பினேன். வாசலில் டீ குடித்தவர்கள் முதல் தடவையாக என்னை, "ஜாபேஸ் சார்" என்றார்கள். அதற்காக வாரத்துக்கு ஒரு ரிப்பேர் பார்த்தேன். ஸ்போக்ஸ் தெறித்தது, பார்த்தேன். மழையில் கன்ட்ரோலர் புகைந்தது, மாற்றினேன். பிரேக் கட்டை மாதம் ஒன்று தேய்ந்தது. முன்ரூமில் சோபாவுக்குப் பதில் ஸ்பேனர்கள் உட்கார்ந்திருந்தன. வீட்டில் சார்ஜ் எப்போதும்போல் அவளிடம்தான், சார்ஜர் மட்டும் என்னிடம். எனக்கு அது போதும்.

இங்கேதான் நேசையா வருகிறார். எங்கள் சேகரத்தின் பொருளாளர், என் ஜென்ம விரோதி. வருஷாவருஷம் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கிற அறுப்பின் பண்டிகைக்குக் காலையில் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு வாழைத்தார் வாங்கி, 'எங்கள் தோட்டத்து முதற்பலன்' என்று சீட்டு எழுதித் தொங்கவிட்டு ஆல்டர் பீடத்தின் முன்னால் வைப்பார். அவர் குடியிருப்பது இரண்டாவது மாடியில். சாயங்காலம் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது அவரே அதைப் பெரிய விலைக்கு எடுத்து, கைதட்டலோடு வீட்டுக்குக் கொண்டுபோவார். இதை ஒழிக்க நான் கமிட்டியில் இரண்டு தீர்மானம் கொண்டுவந்தேன். ஒன்று, அவரவர் கையால் உண்டாக்கியதைத்தான் படைக்க வேண்டும். இரண்டு, படைத்தவர் தன் பொருளைத் தானே ஏலம் கேட்கக் கூடாது. ஆதரிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் உயர்ந்த கை, பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் கமிட்டிக்கு வந்திருந்த பெர்சிஸின் கை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பண்டிகை ஞாயிறு. குளித்துவிட்டு வந்து பார்த்தால் போர்ட்டிகோவில் என் வண்டி இல்லை. ஸ்கூட்டர் நின்றது. பெர்சிஸ் ஆல்டர் அலங்காரத்துக்கு முன்னமே போயிருந்தாள். திருடன் என்றே நினைத்தேன். கோயிலுக்கு, அதாவது எங்கள் சர்ச்சுக்கு, ஒரு மைல் வேட்டியோடு ஓடினேன்.

உள்ளே, கரும்புக்கட்டுக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில், கைப்பிடியில் பிச்சிப்பூ மாலையோடு என் வண்டி நின்றது. 'செக்ரட்டரி ஜாபேஸ், கைகளின் பிரயாசம்' என்று சீட்டு. 250 ஸ்டிக்கரை மட்டும் யாரோ உரித்திருந்தார்கள்.

"என்ன காரியம் பண்ணிருக்க, பெர்சிஸ்?"

"நீங்க போட்ட தீர்மானந்தான? ஒங்க கையால செஞ்சது வேற ஏதும் இருந்தா சொல்லுங்க. இத எடுத்துட்டு அத வைப்போம்."

யோசித்தேன். நேர்மையாகவே யோசித்தேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் என் கையால் ஒரு காப்பிகூடப் போட்டதில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது.

பாதிரி ஐயர் பிரசங்கத்தில் என்னையே எடுத்துக்கொண்டார். தனக்கு மிக அருமையானதைக் கர்த்தருக்குக் கொடுத்த மனுஷன் என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சபையார் அதைப் பக்தி என்று நினைத்துத் தாங்களும் துடைத்துக்கொண்டார்கள்.

ஏலம் வேப்பமரத்தடியில் நடந்தது. என் தீர்மானப்படி நான் கேட்க முடியாது. ஆர்கன் வாசிக்கிற எபியைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த விலை போனாலும் எனக்காக எடுக்கச் சொன்னேன். ஏலம் விட்டது நேசையா. அந்த மனுஷன் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

எபி கேட்கக் கேட்க, பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் ஏற்றிக்கொண்டே போனது. எட்டிப் பார்த்தேன். பெர்சிஸ். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. பாவம், செய்த காரியத்துக்கு மனம் வருந்தி எனக்காகவே மீட்கிறாள். அவளோடு நான் எதற்குப் போட்டி போட வேண்டும்? எபியைப் பார்த்து, போதும் என்று தலையாட்டினேன்.

"ஒரு தரம், ரெண்டு தரம்" என்று நிறுத்திவிட்டு நேசையா என்னைப் பார்த்தார். "செக்ரட்டரி கேக்க முடியாதுவே, தீர்மானம் இருக்கு. மூணு தரம்."

கூட்டம் கலைந்ததும் அவளிடம் போனேன். அவள் ரசீதை மடித்து ஹேண்ட்பேக்கில், லைசென்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நன்றி பெர்சிஸ். சாவியக் குடு."

"ரசீது என் பேருல இருக்குங்க."

"நீயும் நானும் ஒண்ணுதான?"

"ஆமா. அதான் ஒண்ணாப் போவோம்னு எடுத்தேன்."

"சரி, நான் ஓட்டுதேன். இருநூத்தம்பது வாட் வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம்."

"நாப்பத்தெட்டு வோல்ட்டு, முப்பது ஆம்பியர். பெருக்குங்க."

பெருக்கினேன். ஆயிரத்து நானூற்று நாற்பது வந்தது.

"அந்தப் பொய்யோட ஆல்டர் முன்னால வைக்க எனக்கு மனசில்ல. அதான் ஸ்டிக்கர உரிச்சேன். ரெண்டு வெள்ள வயரையும் சேத்துட்டேன். இனி இருபத்தஞ்சுக்கு மேல போவாது."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான சொல்லித் தந்தீங்க, மார்ச் மாசம்."

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தாள். என் எவர்சில்வர் டப்பாவை, இல்லை, அவள் டப்பாவை, ஒரு தடவை முந்தானையால் துடைத்தாள். நாளைக்கு ஆபீஸுக்கும் இதிலேயே கொண்டுபோய் விடுகிறேன், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் மிச்சம் என்றாள்.

"ஏறுங்க."

ஏறினேன். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போனோம். நேசையா ஏலத்தில் எடுத்த யாருடைய வாழைத்தாரோடோ பைக்கில் எங்களைத் தாண்டிப் போகும்போது, "பைய வாங்க அண்ணாச்சி" என்றார். எனக்கு முன்னால் அதே முதுகு. சமாதானபுரம் வரைக்கும் குஷன் இல்லாத கேரியரில் எத்தனை கம்பி என்று எண்ணிக்கொண்டே போனேன், குனிந்து பார்க்காமலே.