கப்பலில் ஒரு 'தூங்கத்தானே' மனிதர்

உலகத்தில் 'தூங்கத்தானே' மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்தவர்கள்தான். ரயிலில் சைடு அப்பர் பெர்த் கிடைத்தால் "தூங்கத்தானே" என்பார்கள்; கல்யாணச் சத்திரத்தில் சமையல் பாத்திரங்களோடு படுக்கச் சொன்னாலும் "தூங்கத்தானே" என்பார்கள்; மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே அந்த இடத்தின் பெருமையைப் பத்துப் பேரிடம் சொல்வார்கள். இடுப்பு போனாலும் பேச்சு போகக் கூடாது, இல்லையா?

தில்லி கிட்வாய் நகரில் எங்கள் எதிர்வீட்டு ராமச்சந்திரன் இந்த இனத்தில் முதல் தரம். அவர் மனைவி காமாக்ஷிக்கு ஒரே ஓர் ஆசை. முப்பது வருஷமாக எந்தச் சர்க்கார் குவார்ட்டர்ஸுக்குப் போனாலும் ஜன்னலில் பக்கத்து பிளாக்கின் ஈரத் துணியையே பார்த்தவள், ஒரு தடவை படுத்தபடியே ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். தப்பா? மனிதர் மும்பையிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் இடம் பிடித்தார். இருப்பதிலேயே சின்ன அறை. ஜன்னல் கிடையாது.

"ஏன்னா, கடல் எங்கே?"

"தூங்கத்தானேடி! கண்ணை மூடினப்புறம் கடல் என்ன, கரோல் பாக் என்ன?"

அந்த அறையை நான் குறை சொல்ல மாட்டேன். பகலெல்லாம் மேல்தளத்தில் காற்று வாங்கிவிட்டுத் தலைசாய்க்க மட்டும் வருகிறவர்களுக்கு அது தாராளம், அடித்துச் சொல்வேன். ஆனால் இந்த இனம் அப்படி இருக்குமா? மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும், அறை அருமையானது என்று நிரூபிக்கப் பட்டப்பகலில் உள்ளேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். நீட்டிய கால் குளியலறைக் கதவில் இடித்தது.

"பார், எழுந்துக்காமலே கதவைத் தொறக்கலாம்! எந்த ஆபீசர் பங்களாவிலே உண்டு இந்த வசதி?"

காமாக்ஷி மேல்தளத்துக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். கும்மிருட்டு. கடிகாரத்தில் ஆறு மணி. காலையா மாலையா என்று கடிகாரமா சொல்லும்? ஜன்னல் அல்லவா சொல்ல வேண்டும்! பல் தேய்த்தார், குளித்தார், விபூதி இட்டுக்கொண்டார், சந்தியாவந்தனத்துக்குப் பஞ்சபாத்திரத்தோடு மேல்தளம் ஏறி, கடல்மேல் சிவந்து நின்ற சூரியனுக்குக் காலை அர்க்கியம் விட்டார். பக்கத்தில் காமாக்ஷி பக்கோடா தின்றுகொண்டிருந்தாள்.

"கார்த்தாலயே பக்கோடாவா?"

"சாயங்காலம்னா இது! பாருங்கோ, சூரியன் கீழே போயிண்டிருக்கான்."

பார்த்தார். கீழேதான் போனது. ஒத்துக்கொண்டாரா?

"கப்பலைத் திருப்பியிருப்பான்" என்றார்.

தில்லிக்கு வந்ததும் காமாக்ஷி மகள் ஸ்ம்ருதியைவிட்டு, அதே கப்பலில் அடுத்த டிசம்பருக்கு அறை பிடிக்கச் சொன்னாள். கடல் பக்கம். பெரிய ஜன்னல். ஓர் ஆளுக்கு.

"அச்சா, அப்போ நான் எங்கேடி படுக்கறது?"

"தூங்கத்தானே? நம்மாத்துலயே படுங்கோ."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன கோடையில் ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்குக் கூலரின் காற்று வராத பின்பக்கம் மடக்குக் கட்டிலைப் போட்டுவிட்டு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று, அவரிடம் நான் கேட்கிறேன்.