பாம்பனுக்கு வந்த பதிமூன்று பேர் ஆட்டம்

எதையும் எளிமையாக்கிச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் கையில் விசிலைக் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள். சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்து முடித்து, ஒரு சான்றிதழும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவுமாகப் பாம்பனில் டிரில் டீச்சராக வந்து சேர்ந்தபோது, உலகத்தில் எந்தக் காரியத்தையும் படிகளாகப் பிரித்து எண் போட்டு எழுதிவிட்டால் அது பாதி முடிந்த மாதிரி என்பது என் கொள்கை. (சோறு வடிக்கவே பட்டியல் போட்டவள் இவள் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். போட்டது உண்மைதான். கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டதும் உண்மைதான். அது பட்டியலில் இல்லை.)

அம்மாவின் தம்பி சூசை மாமா கப்பலில் கரி தள்ளும் வேலைக்குப் போனவர். இங்கிலாந்தின் வடக்கே ஹல் என்ற துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது கொதிகலன் குழாய் வெடித்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே வெந்துவிட்டது. கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலும், பிறகு ஒரு வாடகை அறையிலுமாக இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பினார். கப்பலுக்குப் போன மற்றவர்கள் கடிகாரம் கொண்டுவந்தார்கள், கம்பளிக் கோட்டு கொண்டுவந்தார்கள். மாமா கொண்டுவந்தது ஒரு பந்து. அதுவும் உருண்டையாக இல்லாத பந்து.

அந்த ஆட்டத்துக்குப் பெயர் ரக்பி லீக். ஒரு பக்கத்துக்குப் பதிமூன்று பேர். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, எதிரியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துவிட்டால் வெற்றிப்புள்ளி. துரைமார்கள் ஆடும் ரக்பி வேறு, அதில் பதினைந்து பேர். இது சுரங்கத்தில் இறங்குகிறவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் ஆடுவது. ஆடப்போன நாளில் இழந்த கூலியைக் கேட்டதற்காகத் துரைமார்கள் இவர்களோடு சேர்ந்து ஆட மறுத்துவிட்டார்களாம், அன்றிலிருந்து தனி ஆட்டமாம். அந்த வடக்குப் பக்கத்து ஊர்களைத் தாண்டி அவர்கள் நாட்டில் வேறெங்கும் அதைக் கொண்டுபோக அவர்களால் முடியவில்லை. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் நாலு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கூட்டம் கலைந்துவிடும் என்று மாமா வருத்தத்தோடு சொல்வார். சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்துவார்.

"அவுக நாட்டுலயே நாலு ஊரத் தாண்டல. நான் கடலத் தாண்டிக் கொண்டாந்திருக்கேன்."

கொண்டுவந்ததோடு சரி. இராமேஸ்வரத்து லாட்ஜ் பையன்கள் யாத்திரை ரயில் வந்ததும் பந்தைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். மண்டபம் ஊரில் பந்தைக் காலால் உதைத்துப் பார்த்து, அது நினைத்த பக்கம் போகாததால் கெட்டுப்போன பந்து என்று திருப்பிக் கொடுத்தார்கள். பாம்பன் கரையில் மட்டும் கொஞ்சம் பேர் காது கொடுத்தார்கள். அவர்களுக்கும் ஒரு சந்தேகம் தீரவில்லை. அந்த ஆட்டத்தில் பந்தை முன்னால் நிற்பவனுக்கு எறியக் கூடாது, பின்னால் வருபவனுக்குத்தான் எறிய வேண்டும். வள்ளத்துக்காரர் மிக்கேல் இதைக் கேட்டுவிட்டார்.

"முன்னால போறதுக்கு எதுக்கு மாமா பின்னால எறியணும்?"

"ஏலே, நீ துடுப்புப் போடையில தண்ணிய எந்தப் பக்கம் தள்ளுற?"

மிக்கேல் அன்றிலிருந்து மாமாவின் ஆள்.

இந்த நிலையில்தான் ஹல்லிலிருந்து தகவல் வந்தது. மாமா தங்கியிருந்த வீட்டுக்காரியின் தம்பி வில்கின்ஸ், அந்த ஊர் ரக்பி கிளப் கமிட்டியில் இருப்பவர், தேயிலை வியாபாரமாக இலங்கைக்குப் போகிறார். சென்னை வழியாகப் போவதால், தனுஷ்கோடியில் கப்பல் ஏறப் போட் மெயில் ரயிலில்தான் வர வேண்டும். வழியில் பாம்பனில் ஒருநாள் இறங்குவார். இரண்டு அணிகள் ஒரு முழு ஆட்டம் ஆடிக் காட்டினால், ஒரு பெட்டி பந்துகளும் ஆறு மாதத்துக்கு ஒரு பயிற்சியாளரும் அனுப்பும்படி கமிட்டியில் பேசுவார்.

மாமா அன்றைக்குச் சாயங்காலமே பந்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "எனக்கு ஆட்டந்தான் தெரியும் ரீத்தா. சொல்லிக்குடுக்கத் தெரியல. நீ படிச்சவ."

அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்தேன்.

ஒரே இரவில் திட்டம் தயார். பாம்பன் மீனவர்கள் ஒரு அணி, உச்சிப்புளிப் பக்கத்து விவசாயிகள் ஒரு அணி. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாகத் தெரிந்தது சடுகுடு. ஆகவே முதல் படி: இதுவும் சடுகுடுதான், கையில் பந்து இருக்கிறது, அவ்வளவே. பந்தோடு ஓடுகிறவனை எதிரி தொட்டுவிட்டால் நான் விசில் ஊதுவேன், அவன் வெளியே போய் உட்கார வேண்டும். இதில் ஓடவும் பின்னால் எறியவும் பழகிவிடுவார்கள், யாருக்கும் கைகால் முறியாது. (கை முறிந்தால் வலையை யார் இழுப்பது?) இரண்டாம் படியில் உண்மையான விதியைச் சேர்த்துக்கொள்ளலாம். அதன்படி, பிடிபட்டவன் வெளியே போவதில்லை. விழுவான், எழுந்து நிற்பான், பந்தைக் காலடியில் வைத்துக் குதிகாலால் பின்னுக்கு உருட்டிவிடுவான், பின்னால் நிற்பவன் அதை எடுத்துக்கொண்டு ஓடுவான். எத்தனை முறை விழுந்தாலும் இதே கதைதான்.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "அத ஏன் ரெண்டாவதா வச்ச? அதான ஆட்டமே" என்றார்.

"படிப்படியாப் போகணும் மாமா" என்றேன் நான்.

முதல் படி அமோகமாக நடந்தது. இருந்தது ஒரே பந்து என்பதால் உரிக்காத தேங்காய்களை வைத்துப் பயிற்சி. உருவத்தில் ரக்பி பந்துக்கு அதைவிட நெருங்கிய சொந்தம் வேறு கிடையாது. பாய்மரங்களை நட்டு, குறுக்கே ஒரு கழியைக் கட்டிக் கோல் கம்பம் செய்தோம். மணலில் சுண்ணாம்பு நீரால் கோடு போட்டேன். ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் ரயிலேறி உச்சிப்புளிக்குப் போனேன். அந்த அணிக்குத் தலைவர் சாத்தையா, வண்டிமாட்டைக் கொம்பைப் பிடித்து நிறுத்தக்கூடியவர், நான் விசில் ஊதினால் மட்டும் பள்ளிப் பிள்ளை மாதிரி ஓரமாகப் போய் உட்காருவார். ஆம்பளைகளுக்கு விசில் ஊதுகிறவளை எவன் கட்டுவான் என்று அம்மா அடுப்படியில் புலம்பினாள். எனக்கு அது கேட்கவே இல்லை. இரண்டு ஊர் ஆண்கள் என் விசிலுக்கு எழுந்து உட்காருவது ஒரு போதை.

பாம்பன் அணியில் வேறொரு சிக்கல். பன்னிரண்டு பேர் வரைக்கும் அடித்துக்கொண்டு வந்தார்கள். பதிமூன்றாவது ஆளாக நிற்க ஒருவர்கூடத் தயாராக இல்லை. கடைசி இராவுணவில் பந்தியில் இருந்தது பதிமூன்று பேர், அதில் ஒருத்தன் யூதாசு என்பது கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வாரம் பேசியும் மசியவில்லை. கடைசியில் பனியனில் பன்னிரண்டுக்குப் பிறகு பதினான்கு என்று எண் தைத்துக் கொடுத்தேன், உடனே ஆள் கிடைத்தது.

இரண்டாம் படிக்கு வருவதற்குள் காற்று வாடைக்குத் திரும்பியது. தென்கடலில் மீன் பட ஆரம்பித்ததும் பாம்பன் அணி மொத்தமும் கடலுக்குப் போய்விட்டது. உச்சிப்புளியில் மழை பெய்தது. வானத்தைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள் மழை பெய்தால் ஏரைத்தான் தேடுவார்கள், என்னையா தேடுவார்கள்? இரண்டாம் படி தள்ளித் தள்ளிப் போய், ஆட்டத்தன்று காலையில் ஸ்டேஷன் பூவரச மரத்தடியில் இரண்டு அணிகளையும் உட்காரவைத்து வாயால் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டாம் படி முடிந்தது என்று நான் திருப்தியாகக் குறித்துக்கொண்டேன்.

வில்கின்ஸ் துரை நெட்டையான, கூச்ச சுபாவம் உள்ள மனிதர். மாமாவைப் பார்த்ததும் முதலில் அவர் காலைத்தான் பார்த்தார், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். மாமா பழைய கப்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்த வாடைக்காற்றிலும் வேர்த்துப்போய், அவர் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். துரை பனியன் எண்களைப் பார்த்துவிட்டு, பாம்பன் பக்கம் ஒருவர் அதிகம் என்று மெதுவாகச் சொன்னார். யூதாசு விஷயத்தை மாமா விளக்கினார். துரை சிரித்தார். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. மிக்கேல் பந்தை இடுக்கிக்கொண்டு மணல் பறக்க ஓடினார், சாத்தையா குறுக்கே பாய்ந்து இடுப்பைப் பிடித்துச் சாய்த்தார். அழகான பிடி. துரை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். மிக்கேல் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார், பந்தை மரியாதையாகச் சாத்தையா கையில் கொடுத்தார், கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தார்.

அவரைத் திரும்பக் கூப்பிட விசில் ஊதினேன். அதுதான் நான் செய்த பெரிய காரியம். என் விசிலுக்கு அவர்கள் கற்றிருந்த அர்த்தம் ஒன்றே ஒன்று: நீ அவுட்டு. மிக்கேல் உட்கார்ந்த இடத்திலிருந்து இன்னும் நாலு அடி தள்ளிப் போய் உட்கார்ந்தார். அடுத்து உச்சிப்புளிக்காரர் ஒருவர் பிடிபட்டார். ஊதினேன். அவர் போனார். பாம்பன் ஆள் போனார். நான் ஊத ஊதக் களம் காலியானது. பந்தோடு ஓடுகிறவர்கள் மூச்சைப் பிடித்துச் "சடுகுடு சடுகுடு" என்று சொல்லவே ஆரம்பித்துவிட்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் ஓடிப்போய், எழுந்திருக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"செத்தவுக எப்படி டீச்சர் ஆடுறது? அது தப்பாட்டம்ல" என்றார் சாத்தையா. அவரும் அதற்குள் செத்திருந்தார்.

அந்தப் பக்கம் துரை, ஏன் எல்லாரும் போகிறார்கள், அடிபட்டுவிட்டதா என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அவர் களத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பாம்பன் பக்கம் பதினான்காம் எண்காரர் ஒருவர், உச்சிப்புளிப் பக்கம் நாலு பேர். யூதாசாக மறுத்த அந்தப் பதினான்கு, பந்தோடு நாலு பேரிடமிருந்தும் நழுவி ஓடிக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துவிட்டு விழுந்தார். அவ்வளவுதான், பாம்பன் செத்தவர்கள் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் உயிர்த்தெழுந்து கூச்சலோடு உள்ளே ஓடிவந்தார்கள். கரையில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். துரை தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. மாமா அதைப் பார்த்து மெல்ல எழுந்து நின்றார். அந்த ஒரு நிமிடம், தப்பித்துவிட்டோம் என்று நானும் நினைத்தேன்.

துரை மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதன் சாரம் இது: உங்களிடம் இவ்வளவு அருமையான ஒரு விளையாட்டு ஏற்கெனவே இருக்கிறது, எங்களுடையது உங்களுக்கு எதற்கு? இதைக் கெடுத்துவிட்டோம் என்ற பழி எங்களுக்கு வேண்டாம். கமிட்டியிலும் இப்படியே சொல்கிறேன்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். கேலியாகச் சொல்லியிருந்தால் மாமா ஏதாவது பதில் சொல்லியிருப்பார்.

ஆட்டக்காரர்கள் மொய்த்துக்கொண்டு, துரை என்ன சொன்னார் என்று கேட்டார்கள். "நல்லா ஆடுனீகன்னு சொன்னாரு" என்றார் மாமா. எல்லாருக்கும் சந்தோஷம்.

துரையை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது நான் மாமாவுக்குப் பின்னால் நடந்தேன். எங்கே தவறு நடந்தது என்று விளக்க, மனதுக்குள் வரிசையாகக் காரணங்கள் வைத்திருந்தேன்: காற்று, மழை, விசில். என்னை மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"நீ சொல்லிக்குடுத்ததத்தான ஆடுனாக. ஒண்ணுகூடப் பெசகல" என்றார் மாமா. கொஞ்சம் நடந்த பிறகு, "அந்த ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தப்ப கால எடுத்துறலாம்னு இருந்தாக. நானும் சரின்னுட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஆளுகளப் பாக்க வர்ற வில்கின்ஸ்தான் தள்ளுவண்டில வச்சு ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. மழை, சேறு. ஒருத்தன் விழுறான், எந்திரிக்கிறான், உருட்டி விடுறான். மறுபடி விழுறான். அவனப் பாத்துட்டு வந்துதான் கால எடுக்க வேணாம்னு சொன்னேன்" என்றார்.

எளிமையாக்குவதற்காக அந்த ஆட்டத்திலிருந்து நான் எடுத்து ஓரமாக வைத்தது எது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பந்துப் பெட்டி வரவில்லை, பயிற்சியாளர் வரவில்லை. இருந்த ஒரே பந்து உப்புக்காற்றில் தையல் விட்டு, மாமாவின் பெட்டிக்குள் போய்விட்டது. நிலைத்தது எங்கள் வீட்டு வேடிக்கைதான். வீட்டில் யாருக்கு என்ன காரியம் தோற்றாலும் அம்மா வந்து தோளைத் தொட்டு, "தொட்டாச்சு. போயி ஓரமா உக்காரு" என்பாள். தம்பி பரீட்சையில் தவறியபோது தொட்டாள். ராமநாதபுரத்து மாப்பிள்ளை வீட்டார், டிரில் டீச்சர் வேண்டாம் என்று சொல்லியனுப்பியபோது என்னைத் தொட்டாள். (அன்றைக்கு நான்தான் முதலில் சிரித்தேன். ஊதுகிறவளை எவன் கட்டுவான் என்று அவள் முன்பே சொன்னதுதானே.) எல்லாரும் சிரிப்போம். மாமாவும் சிரிப்பார், ஒரு விநாடி தாமதித்து.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மழையில் ஊறிக் கிடந்த எங்கள் முற்றத்தில் மாமா கையில் தேங்காயோடு வழுக்கி விழுந்தார். பதறி எல்லாரும் ஓடினோம். கையை வீசி எங்களை நிறுத்தினார். அம்மா பயத்தை மறைக்கப் பழைய வழக்கப்படி, "சூசை, தொட்டாச்சுடா" என்றாள். மாமா இடது காலை மெதுவாக மடக்கி, வலது காலை ஊன்றி, தானாக எழுந்து நின்றார். சேற்றில் கிடந்த தேங்காயைக் காலடிக்கு இழுத்தார். திரும்பிப் பார்க்காமல் குதிகாலால் பின்னுக்கு உருட்டிவிட்டார். உரிக்காத தேங்காய். கோணலாகப் புரண்டு என் காலில் வந்து முட்டியது.

விதிப்படி நான் அதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். எடுத்தேன். ஓடத்தான் தோன்றவில்லை.