பாத்தியில் பாதி

இந்தக் கோடையில் மச்சினன் தன் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்று ஃபோர்மேன் முடிவு கட்டிவிட்டார். அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு இன்னும் ஃபோர்மேன்தான். வீட்டில் அந்தப் பதவி என்றைக்கும் காலியானதில்லை. மனைவி அதில் நிரந்தரமாக இருந்தாள்.

மச்சினன் செய்த குற்றம் பதினோரு வருஷத்துக்கு முந்தையது. ஏணியை இரவல் வாங்கிப் போனான். ஒரு படி உடைந்தது. அதைச் சொல்லாமல் சணலால் கட்டித் திருப்பி வைத்துவிட்டான். ஃபோர்மேன் நம்பி ஏறினார். நம்பிக்கை நாலாவது படியில் முடிந்தது. இடது காலில் ஆறு வாரம் மாவுக்கட்டு. பார்க்க வந்தவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இந்த வயசுல ஏணியெல்லாம் எதுக்கு அத்தான்?" என்று புத்தி சொன்னான். எலும்பு கூடிவிட்டது. மனசு கூடவில்லை.

அவன் பதினைந்து நாள் வந்து தங்கட்டும் என்று மனைவி ஆரம்பித்தாள். தம்பியைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று கண்ணைத் துடைத்தாள். ஃபோர்மேன் பேச்சை மாற்ற வாசல் பாத்தியைக் காட்டி, இந்த வருஷம் பூச்செடி வைக்கலாம் என்றார்.

"நீங்க வெச்சு எது பிழைச்சிருக்கு?" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய்யில்லை. கேட்டுக்கும் படிக்கும் நடுவில் எட்டடிப் பாத்தி. கோடை வந்தால் அங்கே புல்கூடத் தலை காட்டாது. வெயில் மட்டும் என்றால் சமாளிக்கலாம். காற்றே ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டும். கொடியில் போட்ட சட்டை காய்வதற்குள் புளித்துவிடும்.

பந்தயம் அங்கேயே பிறந்தது. பாத்திக்கு நடுவே கயிறு. ஆளுக்குப் பாதி. இரண்டு மாதம் கழித்து எந்தப் பாதி பூத்து நிற்கிறதோ அந்தப் பக்கம் சொன்னதுதான் சட்டம். அவள் ஜெயித்தால் தம்பி வருவான். அவர் ஜெயித்தால் அவன் பேச்சே இந்த வீட்டில் எழக்கூடாது.

நர்சரியில் ஃபோர்மேன் நேரே பூ இருந்த இடத்துக்குப் போனார். பச்சை வலை நிழலில் பெட்டூனியாவும் பேன்சியும் வண்ண வண்ணமாகச் சிரித்தன. அதெல்லாம் குளிர் காலத்துப் பிள்ளைகள், இந்தப் புழுக்கத்தில் அழுகிவிடும் என்று நர்சரிக்காரர் சொல்லிப் பார்த்தார். அந்த ஆள் மனைவியின் கட்சி என்று ஃபோர்மேனுக்குப் புரிந்துவிட்டது. இருபது தொட்டி வாங்கினார்.

அவள் நர்சரிக்காரரைத் தனியே கூட்டிப்போய் வெகுநேரம் என்னவோ கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார், யோசித்தார், பிறகு உள்ளே போய் மூன்று வகை நாற்று எடுத்து வந்தார். நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ, வாடாமல்லி. ஒன்றிலும் ஒரு பூ இல்லை. வெறும் பச்சைக் குச்சிகள். ஃபோர்மேனுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நட்ட ஒரு வாரம் அவளே தண்ணீர் ஊற்றினாள். அப்புறம் முட்டி வலி என்று உட்கார்ந்துவிட்டாள்.

"என் பாதிக்கும் நீங்களே ஊத்திடுங்க. உங்களை நம்பித்தான் விடறேன்."

நம்பி ஏணி ஏறியவர் அவர். நம்பிக்கை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் காலையும் மாலையும் பூ நனைய நனைய ஊற்றினார். அந்தப் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை. அவள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து அவள் பாதியிலிருந்த எருவை மண்வெட்டியால் சுரண்டித் தன் பாதியில் போட்டார். அதுவும் போதாமல், துளிர்த்து வந்த நுனிகளை நகத்தால் கிள்ளி எறிந்தார். ஒருநாள் மனசு உறுத்தியது. இடது காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். உறுத்தல் நின்றது.

மூன்றாவது வாரம் அவருடைய பேன்சி தலையைத் தொங்கப் போட்டது. கூடுதலாக ஒரு வாளி ஊற்றினார். தண்டு கொழகொழவென்று கையோடு வந்தது. பெட்டூனியா நனைந்த காகிதமாகச் சுருண்டது. அச்சகத்தில் எத்தனையோ காகிதம் வீணாவதைப் பார்த்தவர்தான். இப்படி வயிறு எரிந்ததில்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கிள்ளிய ஒவ்வொரு நுனியும் இரண்டாகக் கிளைத்தது. கிளைக்குக் கிளை மொட்டு. இரண்டாம் மாதக் கடைசியில் வெள்ளையும் சிவப்பும் ஊதாவுமாக மண்ணே தெரியவில்லை. அடுத்த வீட்டுத் தையல்காரர் வேலியில் சாய்ந்து, என்ன உரம் போட்டீங்க ஃபோர்மேன் என்று கேட்டார். அவர் விறுவிறுவென்று உள்ளே போனார்.

மனைவி முன் அறையில் தம்பிக்காகத் தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தாள். ஃபோர்மேன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோற்றாலும் ஏன் தோற்றோம் என்று தெரியாமல் அவரால் சாப்பிட முடியாது.

"உண்மையைச் சொல்லிடறேன். உன் செடிக்கு நான் தண்ணியே ஊத்தல."

"தெரியும்."

"எருவையும் எடுத்துட்டேன். நுனியையும் கிள்ளினேன்."

"அதுவும் தெரியும்."

"அப்புறம் எப்படி? வெயில் தாங்குற செடியாப் பாத்துக் கேட்டு வாங்கினியா?"

அவள் உறையின் மூலையை நன்றாக இழுத்துவிட்டாள்.

"வெயிலப் பத்தி நான் கேக்கவே இல்லீங்க. உங்களைத் தாங்குற செடி எதுன்னுதான் கேட்டேன்."