ஸ்பேனர் பையில் போன வீட்டுக் குப்பை

அன்பும் மரியாதையும் குறையாத அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் மட்டும் சௌக்கியம் போல நடமாடிக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

என் மகள், அதாவது உன் செல்ல மருமகள், இரண்டு மாதமாக இணையத்தில் ஒரு கூட்டத்தில் இருக்கிறாள். ஏழு நாட்டுப் பிள்ளைகள், எல்லாம் பதினாறு பதினேழு வயசு, ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததே இல்லை. பூமியை நாம் நாசம் பண்ணிவிட்டோமாம், அவர்கள் சரிசெய்யப் போகிறார்களாம். அதற்கு முதல் வேலையாக அவரவர் வீட்டுக் குப்பையைத் தினமும் சாயங்காலம் கேமரா முன்னால் தராசில் வைத்து எடை சொல்ல வேண்டும். முதல் நாள் நம் வீடு இரண்டு கிலோ முந்நூறு, கடைசி இடம். பனி கொட்டுகிற ஏதோ ஓர் ஊரில் கம்பளித் தொப்பியோடு ஒரு பெண், அவள் வீட்டில் எழுநூறு கிராம், முதலிடம். அந்தப் பெண் நம் பிள்ளைக்கு ஆறுதல் வேறு சொன்னாள். என் மானம் கப்பலேறிவிட்டது அக்கா.

மறுநாளே ஆரம்பித்தேன். லிஃப்ட் ரிப்பேர்க்காரன் பையை யார் சோதிக்கப் போகிறார்கள்? காலையில் கிளம்பும்போது குப்பையில் பாதியைக் கவரில் கட்டி ஸ்பேனர்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போய், வேலை செய்கிற கட்டடத்துத் தொட்டியில் போட்டுவிடுவேன். ஒரே வாரத்தில் நம் வீடு ஒரு கிலோவுக்கு இறங்கியது. மூன்றாம் வாரம் காய்ச்சலில் நாலு நாள் படுத்துவிட்டேன், அப்போதும் எடை ஏறவில்லை, முந்நூறு கிராம்! வீடு நிஜமாகவே திருந்திவிட்டது, நான்தான் அனாவசியமாகச் சுமக்கிறேன் என்று நானே நம்பிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். ஆனாலும் பழக்கம் விடவில்லை. போன திங்கள், எட்டு மாடி ஆபீஸ் ஒன்றில் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே மேனேஜர். கதவை ஒரு சாண் விலக்கிவிட்டு, சாவியை எடுக்கப் பையில் கைவிட்டால் வருவது முட்டை ஓடு, டீத்தூள், ஒரு மீன் தலை. மனுஷன் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, "ஏங்க, இத வச்சா தொறக்கப் போறீங்க?" என்றார்.

அது போகட்டும், சிரித்துவிட்டுப் போகலாம். விஷயம் அதற்கப்புறம்தான். அந்தக் கூட்டம் நம் வீட்டை முன்மாதிரி வீடு என்று தீர்மானித்துவிட்டது. வருகிற சனிக்கிழமை பல நாட்டுப் பெரியவர்கள் திரையில் உட்கார, "ஒரு வீட்டுக்கு முந்நூறு கிராம் போதும், எங்கள் வீடே சாட்சி" என்று உன் மருமகள் வாசிக்கப் போகிறாள். நேற்று சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அந்தத் தொப்பிப் பொண்ணு மத்தியானச் சாப்பாட்டையே நிறுத்திட்டாளாம்ப்பா. சமைச்சாதான குப்பைன்னு அம்மாகூட சண்டையாம். 'உங்க வீட்ல முடியுது, எங்க வீட்ல ஏன் முடியல'ன்னு கேக்கறா. நாம என்ன பண்றோம்னு நான் சொல்லட்டும்?" என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் அது நம் வீட்டுச் சோற்றோடு போகும் என்று நினைத்தேனே அக்கா, முகம் தெரியாத ஒரு பிள்ளை பட்டினி கிடக்கும் என்று நினைக்கவில்லையே. வெட்கமாக இருக்கிறது.

அதனால் வெள்ளிக்கிழமைக்குள் நீதான் போன் செய்து பக்குவமாகச் சொல்ல வேண்டும். நீ சொன்னால் கேட்டுக்கொள்வாள். நான் சொன்னால், இனி ஜென்மத்துக்கும் என்னை நம்ப மாட்டாள்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு மனசார ஆசி.

என்றும் உன் அசட்டுத் தம்பி

பின்குறிப்பு: மேலே சொன்னதை எல்லாம் அடித்துவிடு, போனும் வேண்டாம். தபால் கவர் தேடிப் போன நேரத்தில் அவளே வந்து இதைப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தால், அழுகிறாள். "நானும் தினம் ஒரு கவரை ஸ்கூல் தொட்டில போட்டேம்ப்பா" என்கிறாள். சமையலறையிலிருந்து உன் தம்பி பெண்டாட்டி கரண்டியோடு வந்து, "நான் கீழ் வீட்டுத் தொட்டியில" என்கிறாள். நம் வீடு ஒரு கிராம்கூடத் திருந்தவில்லை அக்கா. ஆளுக்கொரு திசையில் கடத்தியிருக்கிறோம்.

இன்று சாயங்காலம் மூன்று பேருமாகக் கேமரா முன் உட்கார்ந்து உள்ளதைச் சொல்லி, உள்ளதை எடைபோட்டோம். இரண்டு கிலோ அறுநூறு. சனிக்கிழமை அதைத்தான் வாசிக்கப் போகிறாளாம். அப்புறம் திரையில் நாலு பிள்ளைகள் எழுந்து போய், ஒளித்து வைத்திருந்த ஆளுக்கொரு குப்பை மூட்டையோடு திரும்பி வந்தார்கள். தொப்பிப் பெண்ணும் எழுந்து போனாள். அவள் நாற்காலி வெகுநேரம் காலியாகவே இருந்தது. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள், கையில் தட்டு, பக்கத்தில் அவள் அம்மா. அங்கே அப்போது மத்தியானமாம். இரண்டு பேரும் சாப்பிட்டு முடிக்கிறவரை நாங்கள் திரையை அணைக்கவில்லை.