ஆவடியில உதிச்ச ஓசி சூரியன்

நேத்து ஞாயித்துக்கிழமை. எனக்கு இருந்தது ஒரே வேலை. என்கிட்ட இருக்கிற பழைய கம்ப்யூட்டர் கேமுக்கு ஒரு லைட்டிங் மாட், அதாவது கேமோட வெளிச்சத்த மாத்துற குட்டி புரோகிராம், போடணும்.

காரணம் என் மச்சான் பிரபு. பொண்டாட்டியோட தம்பி, மாங்காட்டுல இருக்கான். புதுசா கிராபிக்ஸ் கார்டு வாங்கினதுலேர்ந்து அவன் வாயில ரே ட்ரேசிங் தவிர வேற பேச்சே இல்ல. வெளிச்சம் நிஜத்துல மாதிரியே செவுத்துல பட்டு, தரையில தெறிச்சு விழுமாம்.

காலையில போன் பண்ணி, "உன் கார்டுல அதெல்லாம் வராது மாமா"ன்னான்.

சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா?

"ஓசியில ஒரு ஷேடர் மாட் கீது மச்சான். கேம் மேலயே உக்காந்துகினு அதே லைட்டிங்க குடுத்துடும். சாயங்காலம் ஆவடிக்கு வந்து பாரு!"

பக்கத்துல பொண்டாட்டி வேற கேட்டுக்கிட்டு இருந்தா. மானப் பிரச்சினை ஆயிடுச்சு.

மாட் போட்டேன். ஸ்கிரீன் பூரா கும்மிருட்டு.

நெட்டுல தேடினா, எது கிட்ட, எது தூரம்னு மாட் தலைகீழா புரிஞ்சுக்குது, செட்டிங்ல ஒரு டிக் போடுன்னாங்க. போட்டேன். வெளிச்சம் வந்துச்சு. சூரியன்லேர்ந்து இல்லைங்க, ஹீரோவுக்கு உயிர் எவ்ளோ மிச்சம்னு காட்டுற செவப்புக் கோட்டுலேர்ந்து! ஊரே செவந்து கெடக்கு.

எட்டிப் பாத்த பொண்டாட்டி, "இன்னாங்க இது, கல்யாண மண்டபத்துக்கு சீரியல் லைட்டா?"ன்னா.

மத்தியான சோறு ஆறிப் போச்சு. எதை எதையோ நோண்டி, கடைசியில சூரியன் ஒழுங்கா உதிச்சுது. அடடா, என்னா அழகு! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

ஒரே ஒரு குறை. ஹீரோ தூக்கின காலைக் கீழ வைக்கறதுக்குள்ள நான் போய் டீ குடிச்சிட்டு வந்துடலாம். கம்ப்யூட்டர் ஃபேன் போட்ட சத்தத்துல, "கிரைண்டரா ஓடுது?"ன்னு மாடிவீட்டுக்காரர் கேட்டார்.

பிரபு வந்தான். நான் ஹீரோவ ஒரு செவுத்தோரமா அசையாம நிக்க வெச்சிருந்தேன்.

"சோக்கா கீது மாமா. நட, பாப்போம்."

"நடக்கக் கூடாது மச்சான். இது நின்னு ரசிக்கிற லைட்டிங்."

"இன்னா மாமா, போட்டோவா காட்டினு கீற?"ன்னு மவுஸ்ல கைய வெச்சான். தடுக்கப் பாய்ஞ்சேன். என் முழங்கை கீபோர்டுல விழுந்து, மாட்டே ஆஃப் ஆயிடுச்சு!

ஸ்கிரீன்ல அதே பழைய கேம், அதே பழைய வெளிச்சம். போச்சு, மானம் கப்பலேறிடுச்சுன்னு நெனச்சேன்.

பிரபு ஹீரோவ ஓட விட்டான். குதிக்க விட்டான். அப்புறம் சூரியனையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டான்.

"மாமா! இப்பதான் லைட்டு அள்ளுது! காசு குடுத்து வாங்கின என்னுதுகூட இப்டி இல்ல. எனக்கும் போட்டுக் குடு மாமா!"

உண்மையச் சொல்லிருக்கணும். ஆனா பொண்டாட்டி என்னைப் பெருமையா பாத்துக்கிட்டு இருந்தா. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் பாக்காத பார்வை அது!

"செட்டிங்தான் கொஞ்சம் கஷ்டம் மச்சான்"னு மட்டும் சொன்னேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை மாங்காடு போறேன். சாயங்காலம் வரைக்கும் அவன் கம்ப்யூட்டர் முன்னாடி வேர்க்க விறுவிறுக்க உக்காந்து, ஒண்ணுமே போடாம வரணும்.