மதிப்பீட்டாளர் கை நனைக்காத வீடு

விருதுநகர்
14-9-1958

மரியாதைக்குரிய மைத்துனர் சங்கிலிமுத்து அவர்களுக்கு, சீனிவாசகம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் தங்கை சின்னத்தாயும் மகள் முத்துமாரியும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கு எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். சுகமில்லாவிட்டாலும் இதைப் படித்ததும் அடுத்த பஸ்ஸில் புறப்பட்டு வரவும்.

முத்துமாரிக்குத் தாங்கள் பார்த்துக் கொடுத்த விஸ்வநத்தம் சம்பந்தம் ஆட்டம் கண்டிருக்கிறது மச்சான். காரணம் ஒரு கிணறு. சம்பந்தி ஊர்க்காவலன் தீப்பெட்டி ஆபீஸ் வைப்பதற்காக, நிலத்தை ஈடு காட்டி எங்கள் நில அடமான பாங்கில் கடன் கேட்டிருக்கிறார். சர்வே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், அப்படி ஈடு வரும் நிலங்களுக்கு மதிப்புப் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. கிணறு ஊறினால் தோட்டம், ஏக்கர் ஆயிரத்துக்கு மேல். ஊறாவிட்டால் மானாவாரிப் புஞ்சை, முந்நூறு தேறினால் அதிகம். கடன் வந்தால்தான் தீப்பெட்டி செய்ய ஷெட்டு, ஷெட்டு எழும்பினால்தான் தை மாதம் கல்யாணம் என்று சம்பந்தி முன்பே சொல்லிவிட்டார்.

புதன்கிழமை போனேன். சுற்றியுள்ள நாலு கிணற்றிலும் தவளைகூட இல்லாத இந்த ஆவணி வெயிலில், இவர் கிணற்றில் மட்டும் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினேன், இரண்டு முழம். நோட்டில் எழுதிவிட்டு, சரிபார்க்கலாமென்று மறுபடி இறக்கினால் ஒன்றரை முழம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தடவை இறக்கினேன், ஒரு முழம். அளக்க அளக்கக் குறைகிற தண்ணீரை என் முப்பது வருஷ சர்வீசில் பார்த்ததில்லை. "வெயிலு குடிக்குது சம்பந்தி, வேற ஒண்ணுமில்ல" என்றார் அவர். அந்த நேரம் பார்த்து பீப்பாய்களோடு ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் ஆண்டிச்சாமி இறங்கி, "மொதலாளி, ஆனைக்குட்டத்துத் தண்ணி அஞ்சாவது நடை வந்துருச்சு. இதையும் கெணத்துலதான ஊத்தணும்? அம்புட்டையும் குடிச்சிருதே!" என்றார். சம்பந்தி வானத்தைப் பார்த்தார், நான் நோட்டைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். சொத்தைப் பார்க்கப் போகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது என் வைராக்கியம். ஆனால் நிச்சயமாகி வெற்றிலை மாற்றிய வீட்டில் கை நனைக்காமல் எழுந்தால், சம்பந்தமே வேண்டாமென்று சொன்னதாக அர்த்தம். இலை போட்டாயிற்று. சம்பந்தியம்மாள் இருளம்மாள் குழம்புச் சட்டியோடு நிற்கிறார். வயிறு சரியில்லை என்றேன். ஓமத்தண்ணீர் வந்தது. ஓமத்தண்ணீரும் அந்த வீட்டுத் தண்ணீர்தானே? புதன்கிழமை விரதம் என்றேன், அப்படி ஒரு விரதம் உண்டா என்று எனக்கே தெரியாது. பாலும் பழமும் வந்தன. பல்வலி என்றேன். பழத்தைப் பிசைந்தே கொண்டுவந்துவிட்டார். நேர்மைக்காக இத்தனை பொய் சொன்னவன் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

"வெத்தலை மாத்துன வீட்டுல கை நனைக்க மாட்டேங்கீகளே, எங்க சோத்துல என்ன கொறை கண்டீக?" என்று கேட்டபடி அந்த அம்மாள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். ஊர்க்காவலன் எழுந்து வந்தார். என் முன்னால் குனிந்து, அந்த வெறும் இலையைத் துக்க வீட்டில் மடிப்பதுபோல எதிர்ப்பக்கமாக மடித்தார். "நல்ல மதிப்பா எழுதிக் குடுத்துட்டுச் சாப்பிட வாங்க. அடுத்த வார வெள்ளிக்கெழமைக்குள்ள வரலைன்னா, வெத்தலையத் திருப்பி அனுப்பிருவோம்" என்றார். முத்துமாரியின் முகம்தான் கண்முன் நின்றது.

புதன்கிழமை முதல் தங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. "நீங்க போறப்பக் கெணத்துல தண்ணி கெடந்துச்சுல்ல? கெடந்ததை எழுதுறதுக்கு என்ன?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறாள். ஆனாலும் புஞ்சை என்றே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நாளை பாங்கில் கொடுக்க வேண்டும். தாய்மாமனாகிய தாங்கள் நேரே விஸ்வநத்தம் போய், நான் சாப்பிடாதது உத்தியோகத்துக்காகத்தான், உறவை வெறுத்து அல்ல என்று எடுத்துச் சொல்லி, இந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றித் தரவேண்டும். தகப்பன் யோக்கியனாக இருந்ததற்கு மகள் தண்டனை அனுபவிக்கக் கூடாது.

அக்காளுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு என் ஆசி. தங்கள் காலடிச் சத்தத்துக்கு வாசலிலேயே காத்திருக்கும்,
அ. சீனிவாசகம்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கொண்டுவந்த முத்துமாரி, நான் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்திருந்த பாங்கு பாரத்தை எடுத்து வாசித்தாள். அதன் ஏழாவது கேள்வியைப் பற்றி மேலே நான் எழுதவில்லை. சொத்துக்காரர் மதிப்பீட்டாளருக்கு உறவா என்பது கேள்வி. தாலிதான் இன்னும் ஏறவில்லையே என்று "இல்லை" என எழுதியிருந்தேன். உறவென்றால் வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சொத்து எவ்வளவு தேறும் என்று பார்த்துவிடும் ஆசை மச்சான், உண்மை அதுதான். முத்துமாரி பாரத்தை மடித்து வைத்துவிட்டு, "உறவு இல்லைன்னு நீங்கதான மொதல்ல எழுதியிருக்கீக. அவுக இலையை மடிச்சது மட்டும் தப்பாப்பா?" என்றாள். பாரத்தைக் கிழித்துவிட்டேன். உறவு என்று நாளை பாங்கில் எழுதிக் கொடுக்கிறேன், வேலை போனால் போகட்டும். கிணற்றை வேறு யாராவது அளக்கட்டும். தாங்கள் வரவேண்டாம். விஸ்வநத்தத்துக்கு நானே போகிறேன், பசியோடு.